நுண்ணோக்கியை யார் சோதிப்பது?

பேய்க்கதைகள் பெரும்பாலும் இரண்டே வழிகளில் முடியும். ஒன்று, பேய் நிஜம். இல்லையென்றால் யாரோ வெள்ளைத் துணி போர்த்தி ஏமாற்றியிருப்பார்கள். அமெரிக்க எழுத்தாளர் ஜெஃப் வாண்டர்மீர் 2014இல் வெளியிட்ட ‘அனைஹிலேஷன்’ என்ற திகில் நாவல் இரண்டிலும் சேராது. ‘ஏரியா எக்ஸ்’ என்ற கடலோரப் பகுதியில் பல்லாண்டுகளாக மனித நடமாட்டமே இல்லை. காடும் சதுப்பும் மட்டும் செழித்துக் கிடக்கின்றன. காரணம் அறிய, பன்னிரண்டாவது ஆய்வுக்குழு என்ற பெயரில் நான்கு பெண்கள் உள்ளே போகிறார்கள். உயிரியலாளர், உளவியலாளர், மானிடவியலாளர், நில அளவையாளர். யாருக்கும் பெயர் கிடையாது.

பூமிக்குள் இறங்கும் ஒரு படிக்கட்டின் சுவரில், பூஞ்சை போன்ற ஏதோ ஒன்று எழுத்து வடிவில் வளர்ந்து வாக்கியங்களாக நீள்கிறது. உயிரியலாளர் குனிந்து பார்க்கும்போது அதன் வித்துத்தூள் மூக்கில் ஏறிவிடுகிறது. அதன்பின் உளவியலாளர் தங்கள் குழுவை ஹிப்னாடிசத்தால் ஆட்டிவைப்பது அவருக்குப் புலப்படுகிறது; அந்த வசியம் அவரிடம் இனிப் பலிப்பதில்லை. ஆனால் அவருக்குத் தெளிவு தந்த அதே தூள்தான் அவர் உடலையும் மாற்றிக்கொண்டிருக்கிறது. நாம் படிக்கும் நாவல் முழுக்க அவர் எழுதிய குறிப்பேடு. பழுதானதோ என்று சந்தேகப்பட வேண்டிய கருவியே அளவெடுத்துச் சொல்கிறது. திகில் அங்கேதான் இருக்கிறது, இருட்டில் ஊரும் பிராணியிடம் இல்லை.

இது அறிவியலை மட்டம் தட்டும் கதை என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உயிரியலாளர் கடைசிவரை மாதிரி சேகரிப்பதை நிறுத்துவதில்லை. எடுத்த மாதிரிகளில் மனித செல்களின் சாயல் இருப்பதை அவருக்குக் காட்டுவதும் நுண்ணோக்கிதான். கலங்கரை விளக்கத்தில் அவர் காணும் குறிப்பேட்டுக் குவியலோ, பதினொரு குழுக்கள் எழுதியிருக்கக் கூடியதைவிட மிகப் பெரியது. அனுப்பியவர்கள் உண்மையை மறைத்திருக்கிறார்கள். தரவை ஒளித்தால் எந்த ஆய்வும் உருப்படாது.

உடலுக்குள் புகுந்து ஆளையே மாற்றும் பூஞ்சை வெறும் கற்பனை என்று ஒதுக்கவும் முடியாது. ஒஃபியோகார்டிசெப்ஸ் என்ற பூஞ்சை எறும்பைச் செடியில் ஏறவைத்து, இலை நரம்பைக் கவ்வவைத்துக் கொல்கிறது. பிறகு செத்த எறும்பின் தலையைப் பிளந்துகொண்டு முளைக்கிறது. அது மூளைக்குள் நுழையாமல் தசைகளைச் சூழ்ந்துகொண்டே இதைச் செய்கிறது என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. நாவலைவிட இதுவே எனக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குலைநடுக்கம் தருகிறது.

ஏரியா எக்ஸின் மர்மத்துக்கு வாண்டர்மீர் கடைசிவரை விடை சொல்லாமல் விடுகிறாரே என்ற குறை நியாயமானதுதான். இதன் தொடர்ச்சியாக அடுத்து வந்த ‘அத்தாரிட்டி’ நாவல் அலுவலகக் கோப்புகளுக்குள் சுற்றிச்சுற்றிப் பொறுமையைச் சோதிக்கிறது. ஆனால் முதல் நாவலில் விடை வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அலெக்ஸ் கார்லண்ட் இயக்கிய 2018 திரைப்படமே சாட்சி. வானிலிருந்து ஏதோ வந்து கலங்கரை விளக்கத்தில் மோதுவதைத் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறார்கள். பாதி பயம் அங்கேயே போய்விடுகிறது. நாவலை முதலில் படியுங்கள், படம் காத்திருக்கும்.