தோல் ஆறிவிட்டது, நரம்பு?

மணலூர்பேட்டைப் பக்கம், தென்பெண்ணைக் கரையில், கரும்பு வெட்டு தொடங்கினால் கைக் காயமும் கூடவே வரும். தையல், டி.டி. ஊசி, சில நாளில் தையல் பிரிப்பு. அத்தோடு தீர்ந்தது என்று வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். மணிக்கட்டில் அரிவாள் ஆழமாக இறங்கியிருந்தால் தீர்ந்தது தோல் காயம் மட்டும்.

1850-ல் ஆகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்பை வெட்டிப் பார்த்தார். வெட்டுக்கு அப்பாலுள்ள பகுதி சிதைந்துபோனது. இப்பக்க முனையிலிருந்து புது இழைகள் முளைப்பதைப் பின்னால் ஸ்பெயின் அறிஞர் ரமோன் இ கஹால் விலங்குகளில் விரிவாகக் காட்டினார். ஓர் இழை பல கிளை விடும். பழைய உறையைக் கண்டுபிடிக்கும் கிளை மேலே போகும். மற்றவை வழிதவறி, சில சமயம் தொட்டாலே மின்னலடிக்கும் கட்டியாகத் திரளும். இரு முனைகளையும் நுண்ணோக்கியின் கீழ் முடியைவிட மெல்லிய நூலால் பொருத்தித் தைப்பது இதற்காகத்தான்.

மனிதரில் இந்த வளர்ச்சி நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். மணிக்கட்டிலிருந்து விரல்நுனிக்கு வர அரை ஆண்டு ஆகும். முழங்கைக்கு மேல் வெட்டு என்றால் ஓர் ஆண்டுக்கும் மேல். அதற்குள் உள்ளங்கைத் தசை சூம்பிவிடலாம். ஒன்று, ஒன்றரை ஆண்டு நரம்பில்லாமல் கிடந்த தசை பெரும்பாலும் மீளாது. ஆய்வக எலிக்குக் கடக்க வேண்டியது சில சென்டிமீட்டர்தான். எனவே எலியிடம் பலித்த மருந்து என்ற செய்தியை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். பி12 மாத்திரையும் அறுந்த நரம்பை ஒட்டாது.

மரத்துப்போகும் ஊசி போடுமுன் விரல்நுனிகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சுண்டுவிரலிலோ, கட்டைவிரல், ஆள்காட்டி விரலிலோ உணர்வில்லையென்றால் நரம்பு வெட்டுப்பட்டிருக்கலாம். அப்போது பிளாஸ்டிக் சர்ஜரி அல்லது கை அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பும்படி கேளுங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனித் துறை உண்டு. அவசரத்தில் வந்தவருக்கு உயிர்காக்கும் சிகிச்சையை எந்த மருத்துவமனையும் மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-ல், பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லியிருக்கிறது. உள்நோயாளியாக இருந்தவர் சிகிச்சை ஆவணம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அது இல்லாமல் அடுத்த ஆஸ்பத்திரியில் பாதி நேரம் வீணாகும். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை செல்லுமா என்று சேரும்போதே விசாரியுங்கள். கூலியாட்களும் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்திருந்தால் விபத்து ஊனத்துக்கு உதவித்தொகை கோரலாம். யாராவது இழுத்தடித்தால் இலவச சட்ட உதவிக்கு 15100.

காலம் கடந்தவர்களுக்கும் வழியுண்டு. தொழுநோயால் மடங்கிய விரல்களுக்கு வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட் 1940-களின் இறுதியில் தொடங்கிய தசைநாண் மாற்று அறுவை, வெட்டுப்பட்டு நரம்பு திரும்பாத கைக்கும் உதவுகிறது.

நரம்பைத் தைத்த பிறகு, உணர்வு வரும்வரை சூடான பாத்திரத்தை அந்தக் கையால் தொடாதீர்கள். கொப்பளித்த பிறகே தெரியும். தழும்பிலிருந்து விரல்நோக்கி மெல்லத் தட்டினால் ஓரிடத்தில் சுரீரென்னும். மாதா மாதம் அந்த இடம் விரல்பக்கம் நகர வேண்டும். மூன்று மாதமாகியும் நகரவில்லையென்றால் தைத்த மருத்துவரிடமே திரும்பப் போய்க் காட்டுங்கள்.