குட்டைக் கருவிகளைக் காத்தால் மீனும் பிழைக்கும்

நீர் பாய்ச்சுவதற்காக வெட்டிய பண்ணைக் குட்டைகளில் இன்று பல சிறு விவசாயிகள் மீனும் வளர்க்கிறார்கள். 100 அடி நீளம், 100 அடி அகலம் உள்ள குட்டை ஏறக்குறைய 23 சென்ட் பரப்பாகும். இதில் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளைச் சேர்த்து 500 முதல் 900 வரை விடலாம். ஒழுங்காகத் தீனி வைத்து வந்தால் ஓராண்டில் ஒவ்வொன்றும் முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை வளரும். வெள்ளாமை கைவிட்ட ஆண்டிலும் வீட்டுக்கு உதவும் வரவு இது.

இந்த வரவு நோயால் மட்டும் கெடுவதில்லை. மோட்டார், புட்வால்வு, குழாய், ஒயர், வலை ஆகியவற்றைச் சரியாக அமைக்காவிட்டால் ஓராண்டு உழைப்பு ஒரே இரவில் போய்விடும். தண்ணீர் மட்டும் இருந்த காலத்தில் அமைத்த சாதனங்களை, மீன் விட்ட பிறகு அப்படியே வைத்திருப்பது போதாது. சில மாறுதல்கள் தேவை. கருவிக்குச் செய்யும் காவலே மீனுக்கும் காவலாக அமையும்.

புட்வால்வுக்குக் கூண்டு

மோட்டார் ஓடும்போது புட்வால்வின் வாயில் இழுப்பு அதிகமாக இருக்கும். விரல் நீளக் குஞ்சுகள் எதிர்த்து நீந்த முடியாமல் சல்லடையில் ஒட்டிக்கொண்டு சாகும். சல்லடை அடைத்துக்கொள்வதால் மோட்டாருக்கும் கேடு.

3 அங்குலக் குழாயின் வாய் ஏறக்குறைய 7 சதுர அங்குலம்தான். தண்ணீர் முழுவதும் இந்தச் சிறு வாய் வழியே நுழைவதால்தான் இவ்வளவு இழுப்பு. புட்வால்வைச் சுற்றி 2 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் ஒரு கூண்டு செய்து எல்லாப் பக்கமும் நைலான் வலை கட்டினால், 24 சதுர அடிப் பரப்பின் வழியே தண்ணீர் நுழையும். அதாவது 3,456 சதுர அங்குலம். வலை நூல் மறைப்பதையும், பாசி படிந்து பாதி அடைபடுவதையும் கழித்துப் பார்த்தாலும், கூண்டின் வெளிப்புறத்தில் இழுப்பு நூறில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருக்கும். 4 அங்குலக் குஞ்சுகளுக்குக் கால் அங்குலக் கண் உள்ள வலை போதும். அதைவிடச் சிறிய குஞ்சுகளானால் இன்னும் நெருக்கமான வலை வேண்டும். கூண்டுக்கு மூங்கில் அல்லது பி.வி.சி. குழாய் ஏற்றது. கம்பி முனைகள் மீனின் செதிலைக் கிழிக்கும். வாரம் ஒருமுறை வலையைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

புட்வால்வைக் குட்டையின் தரையில் கிடக்க விடக்கூடாது. ஆழமான இடத்தில், தரையிலிருந்து 3 அடி உயரத்தில் அதன் வாய் இருக்குமாறு நிலையாகக் கட்ட வேண்டும். சேறு ஏறாது. மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டாலும் மீனுக்கு 3 அடித் தண்ணீர் மிஞ்சும். தண்ணீர் கிடைக்காதபோது மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவியையும் ஸ்டார்ட்டருடன் இணைத்துவிட்டால் மோட்டார் எரியாது.

நீர்மூழ்கி மோட்டார் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எண்ணெய் நிரப்பிய வகையில் சீல் கெட்டால் எண்ணெய் குட்டையில் கலக்கும். மீன் குட்டைக்குத் தண்ணீர் நிரப்பிய வகையே ஏற்றது. மோட்டாரை ஒயரில் தொங்கவிடாமல் தனியாக நைலான் கயிற்றில் கட்ட வேண்டும்.

வரத்தும் போக்கும்

வாய்க்கால் தண்ணீருடன் விரால், கெளுத்தி போன்ற மீன்களின் முட்டைகளும் குஞ்சுகளும் வரும். இவை வளர்ந்து, நாம் விட்ட குஞ்சுகளைத் தின்றுவிடும். வரத்துக் குழாயின் வாயில் நெருக்கமான நைலான் துணியால் 4 அடி நீளப் பை தைத்துக் கட்ட வேண்டும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பிராணவாயு குறைவு. அதைக் கல்லின் மேல் விழச் செய்து, சிதறிய பிறகு குட்டையில் விடுவது நல்லது.

மழைக்காலத்தில் மீன் தப்பிப்போவது பெரும்பாலும் போக்கு வாய் வழியாகத்தான். அதற்குப் பயந்து குழாய் வாயில் வலையை இறுக்கிக் கட்டிவிட்டால், இலையும் சருகும் அடைத்துக்கொண்டு தண்ணீர் கரையின் மேல் வழியும். கரை உடைந்தால் எல்லா மீனும் போய்விடும். ஆகவே போக்கு வாய்க்கு முன்னால் 3 அடி அகலத்தில் தட்டி அமைத்து, அதைச் சாய்வாக நிறுத்த வேண்டும். தட்டியின் கீழ்ப்பகுதி அடைபட்டாலும் மேல்பகுதி வழியே தண்ணீர் வெளியேறும். கனமழை இரவில் ஒருமுறையாவது ஆள் போய்ச் சருகை வாரிவிடுவது அவசியம்.

மின்சாரத்தில் அலட்சியம் கூடாது

குட்டைக்குப் போகும் ஒயரில் இடையிடையே முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு இருக்கக்கூடாது. ஒரே நீளமாக ஒயர் வாங்கி, பி.வி.சி. குழாய்க்குள் விட்டு 2 அடி ஆழத்தில் புதைக்க வேண்டும். இப்படிச் செய்தால் மண்வெட்டியும் எலியும் ஒயரை எளிதில் தொடமுடியாது. திருடனுக்கும் இழுத்து எடுப்பது கடினம். மோட்டாருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டிக்கும் முறையான எர்த் இருக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கர் ஒன்றையும், மின்பணியாளரைக் கொண்டு பொருத்தச் சொல்லுங்கள். தண்ணீரில் கசியும் மின்சாரம் மீனை மட்டும் கொல்வதில்லை. வலை இழுக்க இறங்கும் ஆளையும் கொல்லும்.

ஆட்டோ ஸ்டார்ட்டர் உள்ள இடத்தில் ஆபத்து அதிகம். மின்சாரம் இல்லை என்று நம்பித் தண்ணீரில் இறங்கியிருக்கும்போது, அது வந்ததும் மோட்டார் தானாக ஓடத் தொடங்கும். குட்டையில் இறங்குவதற்கு முன் மெயினை நிறுத்தி, பியூஸ் கேரியரைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

எண்ணெய், மருந்து, செம்பு

டீசல் எஞ்சினைக் கரையின் உட்சரிவில் வைக்கக்கூடாது. வெளிச்சரிவுப் பக்கம் வைத்து, அடியில் மணல் பரப்பிய தகரத்தட்டு வைத்தால் சொட்டும் எண்ணெயை மணல் உறிஞ்சிக்கொள்ளும்.

மருந்து தெளிப்பான்களைக் குட்டையில் கழுவுவது அறவே கூடாது. மீனுக்குக் கொடிய நஞ்சான எண்டோசல்பானை 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. இப்போது கடைகளில் விற்கும் சைபர்மெத்ரின் போன்ற மருந்துகளும் மீனுக்கு மிகக் கொடியவையே. போர்டோக் கலவைக்குப் பயன்படும் மயில்துத்தமும் அப்படியே. காயில் கட்டி மிஞ்சிய செம்புக் கம்பி, பித்தளைச் சாமான் ஆகியவற்றைத் தண்ணீரில் போட்டுவைக்காதீர்கள். மருந்து வைத்திருந்த கேனை மிதவையாகக் கட்டுவதும் தவறு.

விடியற்கால மூச்சுத் திணறல்

பகலில் பாசி பிராணவாயுவை வெளிவிடுகிறது. இரவில் அதுவும் மீனோடு சேர்ந்து பிராணவாயுவை இழுக்கிறது. ஆகவே விடியலுக்குச் சற்று முன்புதான் தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைவு. லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருப்பது நல்லது. 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். மூடாக்கு போட்ட நாட்களில் இந்தத் தொல்லை அதிகம்.

காற்றேற்றும் சக்கரம் வைத்திருப்பவர்கள் அதை நான்கு மூலையிலும் கயிறு கட்டி நிலைநிறுத்த வேண்டும். ஒரு கயிறு அறுந்தாலும் சக்கரம் கரைப்பக்கம் திரும்பி விரிப்பைக் கிழித்துவிடும். சக்கரம் இல்லாதவர்கள் குட்டைத் தண்ணீரையே மோட்டாரால் இறைத்து, மீண்டும் குட்டையில் மழைபோல் விழச் செய்யலாம்.

மின்சாரத்தை மட்டும் நம்பியிருப்பது சரியல்ல. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரை கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து டெல்டா கிராமங்கள் பல நாட்கள் இருளில் கிடந்தன. புயல் எச்சரிக்கை வந்தவுடன் தீனியையும் சாணம் இடுவதையும் நிறுத்திவிட வேண்டும். வாடகைக்காவது ஒரு டீசல் எஞ்சினுக்கு ஏற்பாடு செய்து வைக்கலாம்.

வலையில் வரும் நோய்

அடுத்த குட்டையில் நனைந்த வலையை அப்படியே நம் குட்டையில் இறக்கினால் அங்குள்ள நோயும் வந்துசேரும். நல்ல வெயிலில் முழுக்கக் காயவைத்த பிறகே இறக்க வேண்டும். மீன் பேன் என்னும் ஒட்டுண்ணி தண்ணீருக்குள் இருக்கும் கல், கட்டை, குழாய் போன்ற கெட்டியான பொருள்கள் மேல் முட்டையிடும். இதையே நமக்குச் சாதகமாக்கலாம். பேன் கண்ட குட்டையில் நான்கைந்து மூங்கில் பட்டைகளைச் செருகி வைத்து, வாரம் ஒருமுறை எடுத்துக் கடும் வெயிலில் காயவைத்தால் முட்டைகள் அழியும். கிழிந்த நைலான் வலைத் துண்டுகளைத் தண்ணீரில் விட்டுவைக்காதீர்கள். மீன் சிக்கிச் சாகும்.

திருட்டும் விபத்தும்

மோட்டாரைக் காங்கிரீட் மேடையில் போல்ட் போட்டு இறுக்கி, இரும்புக் கூண்டு வைத்துப் பூட்ட வேண்டும். மோட்டாரின் உடலில் உங்கள் பெயரின் முதலெழுத்தை உளியால் பொறித்து, அதன் வரிசை எண்ணையும் ரசீதையும் வீட்டில் வைத்திருந்தால், காணாமல் போகும்போது போலீசில் புகார் கொடுக்க உதவும்.

இரவில் வீச்சு வலை போடுவதைத் தடுக்க, இலை உதிர்ந்து காய்ந்த கருவேல முள் கிளைகளைக் குட்டைக்குள் ஆங்காங்கே முளை அடித்துக் கட்டலாம். பச்சைக் கிளை அழுகி, பிராணவாயுவைக் குறைக்கும். பிளாஸ்டிக் விரிப்புள்ள குட்டையில் இந்த முறை உதவாது. முள் விரிப்பைக் குத்திவிடும்.

விரிப்புள்ள குட்டையின் சரிவு வழுக்கும். நீச்சல் தெரிந்த பெரியவர்களாலும் தவறி விழுந்தால் ஏறி வர முடியாது. கரையில் முளை அடித்து, முடிச்சுப் போட்ட கயிறுகளை நான்கு பக்கமும் தண்ணீருக்குள் விட்டுவைக்க வேண்டும். சுற்றிலும் வேலி போட்டு, படலைப் பூட்டி வைக்க வேண்டும். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது முதல் வேலை. யாராவது விழுந்தால் முதலில் மெயினை நிறுத்துங்கள். பிறகு கயிறோ கழியோ நீட்டுங்கள்.

இவற்றில் பெரும்பாலானவை மூங்கில், நைலான் வலை, கயிறு கொண்டு வீட்டிலேயே செய்யக்கூடியவை. குஞ்சு விடும் முன் ஒருமுறையும், ஐப்பசி மழைக்கு முன் புரட்டாசியில் ஒருமுறையும் கூண்டு, தட்டி, ஒயர், கயிறு ஆகிய நான்கையும் பார்த்துச் சரிசெய்துவிட்டால் போதும். ஐயம் இருப்பின் அருகிலுள்ள மீன்வளத் துறை அலுவலகத்தை அணுகி ஆலோசனை பெறலாம்.