காரீயக் குழாயும் சொத்துரிமையும்

ஒருவன் வீட்டுக் குழாய் அவனுடைய சொந்த விஷயம், அதில் நகர சபைக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் எல்லாத் தேசங்களிலும் உண்டு. அவர்கள் அமெரிக்காவிலுள்ள நியூவார்க் நகரத்தின் விருத்தாந்தத்தை அறிந்துகொள்வது நலம்.

நியூ ஜெர்ஸி மாகாணத்தின் மிகப் பெரிய நகரமாகிய அங்கே, தெருக் குழாயிலிருந்து பழைய வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுசென்ற கிளைக் குழாய்கள் ஆயிரக்கணக்கில் காரீயத்தாலானவை. 1986-ல் அந்நாட்டுச் சட்டம் புதிய காரீயக் குழாய்களைத் தடுத்தது. முன்பு புதைத்தவையோ புதைத்தபடியே கிடந்தன. காரீயம் கரையாதபடி தண்ணீரில் ரஸாயன மருந்து சேர்த்து வந்தார்கள். அது பலனற்றுப் போயிற்று. 2017-ல் தண்ணீரில் காரீயம், சர்க்கார் குறித்த அளவாகிய நூறு கோடிக்குப் 15 பங்கைத் தாண்டிற்று. இவ்விஷத்துக்கு நிறமில்லை, ருசியில்லை, காய்ச்சினாலும் போகாது, குழந்தைகளின் மூளையைக் கெடுப்பது. வடிகட்டிகள் வழங்கினார்கள். 2019 ஆகஸ்டில் சோதித்த மூன்று வீடுகளில் இரண்டில் அவையும் போதவில்லையென்று கண்டது.

குழாயை மாற்றுவதே பரிகாரம் என்றால், தடை யாது? கிளைக் குழாய் வீட்டுக்காரரின் சொத்து. அவர் சம்மதமின்றித் தோண்டலாகாது. செலவில் ஒரு பகுதியும் அவரைச் சேர்ந்தது. நகர வாசிகளில் பெரும்பாலோரோ வாடகைக்குக் குடியிருப்பவர்கள். குழாய்க்கு உடையவன் ஒருவன்; விஷத்தைக் குடிப்பவன் மற்றொருவன். தெருப்பக்கம் உள்ள பாதியை மட்டும் மாற்றலாமென்றாலோ, வெட்டிய அதிர்ச்சியில் எஞ்சிய பாதியிலிருந்து காரீயம் அதிகமாய் உதிரும்.

2019-ல் இம்முடிச்சை அவிழ்த்தார்கள். நகரம் அடங்கிய எஸ்ஸெக்ஸ் ஜில்லா நிர்வாகம் 12 கோடி டாலர் கடன் எழுப்ப முன்வந்தது. வீட்டுக்காரரிடம் ஒரு காசும் வாங்குவதில்லையென்று தீர்மானித்தார்கள். உடையவர் சம்மதம் கிட்டாவிடினும் மாற்றலாம் என்று நகர சபை சட்டம் இயற்றிற்று. ஏறக்குறைய மூன்று வருஷங்களில் சுமார் 23,000 குழாய்கள் மாற்றப்பட்டன.

சொத்துரிமையை நாம் இகழவில்லை. வக்கீல் தொழில் செய்தவர் எவரும் இகழார். ஆயினும் தன் சொத்தைப் பிறனுக்குத் தீங்காக வைத்துக்கொள்ளும் உரிமையை எந்த நியாய சாஸ்திரமும் ஒருவனுக்கும் அளித்ததில்லை. வீட்டுக்காரர் மேல் பழி சுமத்தியிருந்தால் வழக்கு வளர்ந்திருக்கும், குழாய் அசைந்திராது. செலவைப் பொதுவில் ஏற்ற பிறகே சட்டத்தின் கட்டளைக்கு நியாயம் பிறந்தது.

பெரும்பாலான காரீயக் குழாய்களைப் பத்து வருஷங்களில் மாற்றவேண்டுமென்று 2024-ல் அமெரிக்க மத்திய சர்க்கார் விதி செய்தது. விதி எழுதுதல் எளிது. பொருள் தேடி, மண்ணைத் தோண்டி, கடைசி வீட்டு வாயில் வரை சென்று முடிப்பதே ஆட்சி.