நியாயமா நடந்தா வியாபாரம் நடக்குமா?



சமூக அறிவியல் வகுப்பில் டீச்சர் ஒரு நாள் ஒரு கேள்வி கேட்டார்கள். "மனசாட்சியோட தொழில் பண்ணி லாபமும் சம்பாதிக்க முடியுமா?" வகுப்பில் முக்கால்வாசிப் பேர் "முடியாது டீச்சர்" என்று கத்தினோம். நானும்தான் கத்தினேன்.

அதுக்குக் காரணம் இருக்கு. எங்க அம்மா பஸ் ஸ்டாப் பக்கத்தில் வடை, பஜ்ஜி போட்டு விக்கிறாங்க. இன்னைக்குச் சுட்ட எண்ணெயை நாளைக்குச் சட்டியில ஊத்தவே மாட்டாங்க. மிச்ச எண்ணெய் வீணாப் போகும். "இப்படி நியாயம் பார்த்தா கடையை இழுத்து மூட வேண்டியதுதான்" என்று அப்பா சொல்லுவார். எனக்கும் அது சரின்னுதான் தோணுச்சு.

என் எண்ணம் மாறியது எங்க அப்பத்தாவால்தான். அப்பத்தாவுக்குக் கண்புரை. வாசல்ல நிக்கிறது நானா தம்பியா என்று தெரியாது. எங்க ஊருக்கு மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி முகாம் வந்தது. "ஓசி வைத்தியம் ஓட்டை வைத்தியமா இருக்கும், நான் வரல" என்று அப்பத்தா ஒரே அடம். அம்மா கெஞ்சிக் கூத்தாடி அனுப்பி வைத்தார்கள். பஸ்ஸில் கூட்டிட்டுப் போய், சாப்பாடு போட்டு, ஆபரேஷன் பண்ணி, திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு பைசா வாங்கவில்லை. வந்த அப்பத்தா என்னைப் பார்த்து முதலில் சொன்னது, "ஏன்டி இப்படி இளைச்சுப் போயிட்ட?"

இத்தனை பேருக்கு இலவசமா செஞ்சா அந்த ஆஸ்பத்திரி எப்படி நஷ்டமாகாம நடக்குது? டீச்சரிடம் கேட்டும், நூலகத்தில் படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

ஆரம்பித்தவர் யார்?

டாக்டர் கோ. வெங்கடசாமி. 1918ஆம் ஆண்டு எட்டயபுரம் பக்கத்தில் வடமலாபுரம் என்ற சின்ன கிராமத்தில் பிறந்தவர். டாக்டருக்குப் படித்து முடித்த பிறகு கடுமையான மூட்டுவாத நோய் வந்து அவருடைய கைவிரல்கள் கோணிப் போயின. ஆனாலும் அந்த விரல்களைப் பழக்கி, கண் மருத்துவம் படித்து, ஒரு லட்சத்துக்கும் அதிகமான கண் ஆபரேஷன் செய்தார். 1973இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அரசு வேலையில் ஓய்வு பெற்றதும் 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அவருடைய தம்பியும் தங்கைகளும் கூடவே நின்றார்கள். குடும்பத்து நகைகளை அடகு வைத்துத்தான் நடத்தினார்களாம். இதைப் படித்ததும் எனக்கு எங்க அம்மாவின் கம்மல் ஞாபகம் வந்தது. அதுவும் கடைக்காக அடகுக்குப் போய் வந்ததுதான். டாக்டர் ஐயா 2006இல் காலமானார். இன்றைக்கு தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி என்று பல ஊர்களில் அரவிந்த் இருக்கிறது.

கணக்கு எப்படிச் சரியாகிறது?

1. வசதி உள்ளவர்கள் பணம் கட்டுகிறார்கள். முடியாதவர்களுக்கு இலவசம், அல்லது ரொம்பக் குறைந்த கட்டணம். பணம் கட்டியவருக்குத் தனி ரூம் கிடைக்கலாம். ஆனால் ஆபரேஷன் பண்ணும் டாக்டர்கள் இரண்டு பக்கமும் மாறி மாறி வேலை பார்ப்பவர்கள்தான். ரூமில் வித்தியாசம் உண்டு, வைத்தியத்தில் கிடையாது.

2. நேரம் வீணாவதில்லை. ஒரு மேஜையில் டாக்டர் ஆபரேஷன் பண்ணும்போதே பக்கத்து மேஜையில் அடுத்தவரைத் தயார் செய்து வைத்துவிடுவார்கள். முடித்ததும் டாக்டர் அந்தப் பக்கம் திரும்பினால் போதும். அதனால் ஒரே நாளில் நிறைய பேருக்குச் செய்ய முடிகிறது. ஒருத்தருக்கு ஆகும் செலவும் குறைகிறது.

3. கிராமத்து அக்காக்களுக்கு வேலை. பிளஸ் டூ முடித்த பெண்களுக்கு இரண்டு வருடம் பயிற்சி கொடுக்கிறார்கள். கண் பரிசோதனை, ஆபரேஷனுக்குத் தயார் செய்வது எல்லாம் அவர்கள் பார்க்கிறார்கள். டாக்டர் மட்டுமே செய்யக்கூடிய வேலையை மட்டும் டாக்டர் செய்கிறார்.

4. லென்ஸைச் சொந்தமாகச் செய்கிறார்கள். கண்புரை என்றால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வெள்ளையாக மங்கிப் போவது. அதை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பார்கள். முன்னே லென்ஸ் வைக்காமல் புரையை மட்டும் எடுத்து, சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள். காரணம், வெளிநாட்டு லென்ஸ் ஒன்று சுமார் 100 டாலர். 1992இல் மதுரையிலேயே அரோலேப் என்ற தொழிற்சாலை தொடங்கி, ஏறக்குறைய 10 டாலருக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது 100க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு இங்கிருந்து லென்ஸ் போகிறது!

இதில் எனக்கு ஒன்று புரிந்தது. அவர்கள் செலவைக் குறைத்திருக்கிறார்கள். ஆனால் எதில் குறைத்தார்கள் என்பதுதான் விஷயம். வீணாகும் நேரத்தில் குறைத்தார்கள். லென்ஸ் விலையில் குறைத்தார்கள். அப்பத்தாவின் கண்ணில் குறைக்கவில்லை.

"அது அறக்கட்டளை நடத்துற ஆஸ்பத்திரி. உங்க கடை அப்படியா?" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். எங்க கடை லாபத்தில்தான் எங்க வீட்டில் அடுப்பு எரியுது. ஆனால் அந்தக் கேள்வியை எங்க கடைக்கும் கேட்கலாமே என்று ஒரு ராத்திரி நோட்டை எடுத்துக்கொண்டு அம்மாவோடு உட்கார்ந்தேன். "எண்ணெயை மாத்தாம வேற எதுலம்மா குறைக்கலாம்?"

கணக்குப் போட்டதில், பெரிய சட்டி நிறைய எண்ணெய் ஊத்துவதால்தான் தினம் இவ்வளவு மிஞ்சுது என்று தெரிந்தது. அம்மா சின்னச் சட்டிக்கு மாறினாங்க. கொஞ்சம் கொஞ்சமா சுட்டு, தீரத் தீர எண்ணெய் சேர்க்கிறாங்க. கூடவே சுண்டலும் கொழுக்கட்டையும் போடுறாங்க. அதுக்குச் சட்டி எண்ணெய் வேண்டாமே!

பெரிய லாபம் ஒன்றும் வந்துவிடவில்லை. மழை நாளில் இன்னும் கை கடிக்குது. பக்கத்துக் கடையில் வடை ஒரு ரூபாய் குறைவு, அங்கே போகிறவர்கள் போகத்தான் செய்கிறார்கள். ஆனால் மூன்று மாசமாக வட்டிக்கு வாங்கவில்லை. அப்பாவும் "இழுத்து மூடு" என்று சொல்வதை நிறுத்திவிட்டார்.

டீச்சர், உங்கள் கேள்விக்கு என் பதிலை மாற்றிக்கொள்கிறேன். முடியும். ஆனால் நல்ல மனசு மட்டும் இருந்தால் போதாது, கணக்கும் தெரியணும். கணக்குப் பாடம் எதுக்கு என்று கேட்கும் என் வகுப்புத் தோழிகள் இதைக் கவனிக்கவும்!



இப்படிக்கு,
9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி