விடிகாலை மூணு மணிக்கு அம்மா ஏன் எழுந்து உட்காருகிறார்?

கலிஃபோர்னியாவுக்கு அப்பா அம்மாவை வரவழைக்கிற நண்பர்கள் முதல் வாரத்தில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் புலம்புவார்கள். "வந்ததுலேர்ந்து அம்மா சரியாவே இல்லடா. ராத்திரி மூணு மணிக்கு எழுந்து உட்கார்ந்துக்கறாங்க, சாயங்காலம் எரிஞ்சு விழறாங்க. இந்த ஊர் பிடிக்கல போல."

பிடிக்காமலும் இருக்கலாம். ஆனால் முதலில் மணிக்கணக்கைப் போட்டுப் பாருங்கள். கோடையில் சென்னைக்கும் கலிஃபோர்னியாவுக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். அங்கே விடிகாலை 3 மணி என்றால் சென்னையில் பிற்பகல் 3.30, காபி நேரம். அம்மா எழுந்து டம்ளர் தேடுவதில் ஆச்சரியமே இல்லை. அங்கே பிற்பகல் 3.30க்கு அவர் உடம்புக்கு விடிகாலை 4 மணி. உடல் வெப்பநிலை இறங்கி, தூக்கம் ஆளை அழுத்துகிற நேரம். அப்போது போய் "மால் போலாமாம்மா?" என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

மூளையில், இரண்டு கண்ணின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பு செல்கள் அடங்கிய ஒரு சின்னக் கொத்து இருக்கிறது. உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுதான். நம்ம பாஷையில் சொன்னால் டைம் சர்வர். கல்லீரல், குடல் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கடிகாரம் உண்டு, அவை ஒரே வேகத்தில் புது நேரத்துக்கு மாறுவதில்லை. நடுராத்திரிப் பசி, மலச்சிக்கல் எல்லாம் இதனால்தான். (செல்லுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களை வைத்துக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017இல் மருத்துவ நோபல் கிடைத்தது.)

இந்தக் கடிகாரம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். அப்படியென்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு எத்தனை நாள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அதை நகர்த்துவதில் பெரிய பங்கு வெளிச்சத்துக்கு. வீட்டு விளக்கு சில நூறு லக்ஸ். வெளியே மேகம் போட்டிருந்தாலும் ஆயிரக்கணக்கில். அதனால் முதல் சில நாள் காலையிலும் நண்பகலிலும் வெளியே கூட்டிப் போங்கள், பக்கத்துப் பார்க் போதும். திரையை இழுத்துவிட்ட ஹாலில் சீரியல் போட்டு உட்கார வைத்தால் கடிகாரத்துக்கு எந்தத் தகவலும் போகாது. பகலில் தாங்கவே முடியாமல் தூங்கினால் அரை மணியில் எழுப்பிவிடுங்கள். திட்டு விழும், பரவாயில்லை. ராத்திரி மூணு மணிக்கு முழித்தால் பெரிய விளக்கைப் போடாமல் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள்.

சர்க்கரை மாத்திரை, இன்சுலின் போடுகிறவர்கள் விமானத்திலும் முதல் இரண்டு நாளிலும் எந்த மணிக்கு எவ்வளவு என்று கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். நாமே குத்துமதிப்பாகக் கணக்குப் போடக் கூடாது.

இன்னொன்று, என் அபிப்பிராயம். தூக்கம் கெட்டவருக்குச் சின்ன விஷயமும் பெரிதாகத்தான் தெரியும். வீட்டு விற்பனை, தம்பி கல்யாணம், "எங்களோடயே இருந்துடுங்களேன்" என்கிற பேச்சு, எதையும் முதல் பத்து நாளில் எடுக்காதீர்கள். "டிக்கெட்டை மாத்திக் கொடு, நான் போறேன்" என்று அவரே சொன்னாலும் சரி என்று தலையாட்டிவிட்டு, அடுத்த வாரம் மறுபடி கேளுங்கள். இரண்டு வாரம் கழிந்து நன்றாகத் தூங்கிய பிறகும் முகம் வாடியே இருந்தால், அப்போது உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் வேறு.