ஹஜிமே மொரியாசு: நடுக்களத்தில் கற்ற பாடம்

ஜப்பான் தேசியக் கால்பந்து அணியின் பயிற்சியாளர் ஹஜிமே மொரியாசு 1968 ஆகஸ்ட் 23 அன்று ஷிசுவோகா மாகாணத்தில் பிறந்தார். வளர்ந்தது நாகசாகியில். விளையாட்டு வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்ததோ ஹிரோஷிமாவில். பள்ளிக் காலத்தில் அவரை நாடறியவில்லை. அன்றைய நாகசாகி மாகாணப் பள்ளிக் கால்பந்தில் குனிமி பள்ளியின் கொடிதான் பறந்தது. மொரியாசு படித்தது வேறு பள்ளியில்.

1987இல் ஹிரோஷிமாவின் மாஸ்தா நிறுவன அணியில் சேர்ந்தார். ஜப்பானில் அப்போது தொழில்முறை லீக் கிடையாது. வீரர்களில் பெரும்பாலோர் நிறுவன ஊழியர்கள். வேலையையும் பார்த்துக்கொண்டு ஆட்டமும் ஆட வேண்டும். மின்னல் வேகமோ மயக்கும் பந்துத் திறனோ மொரியாசுவிடம் இல்லை. எதிரணியின் பந்து எந்த வழியாக வரும் என்று முன்கூட்டியே அறிந்து அங்கே போய் நிற்பதும், பறித்த பந்தைத் தாமதிக்காமல் சக வீரரிடம் சேர்ப்பதும்தான் அவருடைய பலம். தற்காப்பு வரிசைக்கு முன்னால் நிற்கும் நடுக்கள வீரருக்கு வேண்டியதும் இதுவே. கைத்தட்டல் குறைவாகக் கிடைக்கும் இடம் அது. ஆனால் முழு ஆட்டமும் கண்ணில் படும் இடமும் அதுதான்.

மாஸ்தாவில் இந்தக் குணத்தைக் கண்டுகொண்டவர் டச்சுப் பயிற்சியாளர் ஹான்ஸ் ஊஃப்ட். அவர் 1992இல் தேசிய அணியின் பொறுப்பை ஏற்றதும் மொரியாசுவை அழைத்தார். அதே ஆண்டு மே மாதம் அர்ஜென்டினாவுக்கு எதிராக மொரியாசுவின் முதல் சர்வதேச ஆட்டம் அமைந்தது. ஜப்பான் 0-1 எனத் தோற்றாலும் அணியில் அவருடைய இடம் உறுதியானது. ஆண்டின் இறுதியில் ஹிரோஷிமாவில் நடந்த ஆசியக் கோப்பையை ஜப்பான் முதன்முறையாக வென்றது. 1993 மே மாதம் தொழில்முறை ஜே லீக் தொடங்கியது; மாஸ்தா அணி சான்ஃப்ரெச்சே ஹிரோஷிமா ஆனது.

அதே ஆண்டு அக்டோபரில் கத்தார் தலைநகர் டோஹாவில் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றின் இறுதிக் கட்டம் நடந்தது. ஆறு அணிகளில் இரண்டுக்குத்தான் இடம். அக்டோபர் 28, ஈராக்குடன் கடைசி ஆட்டம். வென்றால் ஜப்பானுக்கு முதல் உலகக் கோப்பை. மியூராவும் நகயாமாவும் அடித்த கோல்களால் ஜப்பான் 2-1 என முன்னிலையில் இருந்தது; 90 நிமிடங்களும் முடிந்துவிட்டன. ஈராக்குக்கு ஒரு கார்னர் கிக். அதை நேராகப் பெட்டிக்குள் தூக்கி அடிக்காமல் அருகில் இருந்தவருக்குத் தட்டிவிட்டார்கள்; அவர் அனுப்பிய பந்தை ஜாஃபர் ஓம்ரான் தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார். ஆட்டம் 2-2. கோல் வித்தியாசத்தில் தென்கொரியா முந்தியது. ஜப்பான் மூன்றாம் இடத்துக்கு இறங்கி வாய்ப்பை இழந்தது. களத்திலேயே சரிந்து உட்கார்ந்த வீரர்களில் மொரியாசுவும் ஒருவர். ‘டோஹா துயரம்’ என்று ஜப்பானியர்கள் இன்றும் சொல்வது இந்த இரவைத்தான். முன்னிலையில் இருக்கும் அணி கடைசி நிமிடங்களை எப்படிக் கடக்க வேண்டும் என்ற கேள்வி அன்றிலிருந்து அவரை விட்டு அகலவில்லை.

வீரராக அதன்பின் வந்த ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1994இல் லீக்கின் முதல் கட்டத்தை ஹிரோஷிமா வென்றது. இடையில் கியோட்டோ, கடைசியில் வெகால்டா செண்டாய் அணிகளுக்கு ஆடி, 2003 பருவத்தோடு ஓய்வு பெற்றார். நாட்டுக்காக 35 ஆட்டங்கள், ஒரு கோல்.

ஓய்வுக்குப் பின் எட்டு ஆண்டுகள் அவர் இரண்டாம் நிலைப் பயிற்சியாளராகவே உழைத்தார். 2012இல் தலைமைப் பயிற்சியாளர் மிஹாய்லோ பெட்ரோவிச் ஹிரோஷிமாவை விட்டு உராவா ரெட்ஸ் அணிக்குப் போனபோது அந்தப் பொறுப்பு மொரியாசுவுக்கு வந்தது. புதிதாக வருபவர்கள் முந்தையவரின் அடையாளத்தை அழிப்பதில் அவசரம் காட்டுவது வழக்கம். மொரியாசு அப்படிச் செய்யவில்லை. மூன்று தற்காப்பு வீரர்களை வைத்து ஆடும் பெட்ரோவிச்சின் முறையை அப்படியே வைத்துக்கொண்டு, பந்து பறிபோனதும் ஐந்து பேர் பின்வரிசையில் அணிவகுக்கும் ஒழுங்கைச் சேர்த்தார். முதல் பருவத்திலேயே ஹிரோஷிமா தன் வரலாற்றின் முதல் ஜே லீக் பட்டத்தை வென்றது. 2013இல் கடைசி நாளில் யோகோஹாமா எஃப் மரினோஸை முந்தி மீண்டும் வென்றது. 2015இல் மூன்றாவது பட்டம். மொரிவாக்கி, நிஷிகாவா, இஷிஹாரா என்று முக்கிய வீரர்களைப் பணபலமுள்ள உராவா தொடர்ந்து கொத்திக்கொண்டு போன காலம் அது. நான்கு ஆண்டுகளில் மூன்று பட்டங்கள் என்பது இந்தப் பின்னணியில் அசாதாரணமான சாதனை. 2015 இறுதி மோதலின் இரண்டாவது ஆட்டத்தில் பட்டத்தை உறுதிசெய்த கோலை அடித்தவர் தகுமா அசானோ என்ற இளைஞர். 2017 நடுவில் அணி தரவரிசையின் அடிமட்டத்துக்குச் சரிந்ததும் மொரியாசு பதவி விலகினார்.

அதே ஆண்டு ஒலிம்பிக் அணியின் பொறுப்பு வந்தது. 2018 உலகக் கோப்பையில் அகிரா நிஷினோவுக்கு உதவிப் பயிற்சியாளராக இருந்தார். பெல்ஜியத்துக்கு எதிராக 2-0 என முன்னிலை பெற்றும் கடைசி நொடிகளில் ஜப்பான் 2-3 எனத் தோற்றதை இருக்கையிலிருந்து பார்த்தார். ஜூலையில் தேசிய அணியும் அவர் கைக்கு வந்தது. 2019 ஆசியக் கோப்பை இறுதியில் கத்தாரிடம் தோல்வி. டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம். உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றின் இறுதிக் கட்டத்தில் முதல் மூன்று ஆட்டங்களில் ஓமானிடமும் சவூதியிடமும் தோற்றதும் அவரை நீக்கச் சொல்லும் குரல்கள் வலுத்தன. 2021 அக்டோபரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று நடுக்கள வீரர்களைக் கொண்ட அமைப்புக்கு மாறினார். அன்று புதிதாக இடம்பெற்ற ஆவோ தனகா கோல் அடித்தார். ஜப்பான் 2-1 என வென்றது. அங்கிருந்து அணி நிமிர்ந்தது.

2022 உலகக் கோப்பை மொரியாசுவை மீண்டும் கத்தாருக்கே கொண்டுவந்தது. நவம்பர் 23, எதிரே ஜெர்மனி. இடைவேளையில் 0-1 எனப் பின்தங்கியிருந்த அணியில் குபோவை வெளியே எடுத்து, தற்காப்பு வீரர் டொமியாசுவை இறக்கினார். பின்தங்கிய அணி தற்காப்பு வீரரைச் சேர்ப்பது விந்தையாகத் தெரியலாம். பின்வரிசை மூவரானதும் இரு ஓரங்களிலும் ஆட்கள் துணிந்து முன்னேற முடிந்தது. மிடோமா, டோவான், மினாமினோ என்று தாக்குதல் வீரர்களை ஒவ்வொருவராக இறக்கினார். 75ஆவது நிமிடத்தில் டோவான் சமன் செய்தார். 83ஆவது நிமிடத்தில் வெற்றிக் கோலை அடித்தவர் அதே அசானோ. கோஸ்டாரிகாவிடம் 0-1 எனச் சறுக்கினாலும், டிசம்பர் 1 அன்று ஸ்பெயினை 2-1 என வீழ்த்திப் பிரிவில் முதலிடம் பிடித்தது ஜப்பான். அந்த ஆட்டத்தில் ஐந்தில் நான்கு பங்கு நேரத்துக்கும் மேலாகப் பந்து ஸ்பெயினிடமே இருந்தது. கடைசி நிமிடங்களில் 1993 நினைவுக்கு வந்ததாகப் பின்னர் மொரியாசு சொன்னார். இம்முறை அணி பந்தைப் பின்தொடர்ந்து நெருக்கி, முன்னிலையைக் காத்தது. அடுத்த சுற்றில் குரோஷியாவிடம் பெனால்ட்டி ஷூட்-அவுட்டில் தோற்றபின் அவர் ரசிகர்களை நோக்கி நெடுநேரம் குனிந்து வணங்கினார்.

உலகக் கோப்பைக்குப் பிறகும் பதவியில் நீடித்த முதல் ஜப்பானியப் பயிற்சியாளர் அவர். 2023 செப்டம்பரில் ஜெர்மனியை அதன் மண்ணிலேயே 4-1 என வென்றார். அடுத்த நாளே ஜெர்மனி தன் பயிற்சியாளர் ஹான்சி ஃப்ளிக்கை நீக்கியது. 2024 தொடக்கத்தில் கத்தார் மறுபடி கசந்தது: ஆசியக் கோப்பைக் காலிறுதியில் ஈரான் கூடுதல் நிமிடங்களில் பெனால்ட்டி அடித்து 2-1 என வென்றது. இரண்டாம் பாதியில் அணி தடுமாறியபோது மாற்று வீரர்களை இறக்கத் தாமதித்தார் என்ற குற்றச்சாட்டு நியாயமானதே.

அதற்கு அவர் தந்த பதில் ஹிரோஷிமா காலத்து மூவர் பின்வரிசைதான். இம்முறை இரு ஓரங்களிலும் மிடோமா, டோவான் போன்ற தாக்குதல் வீரர்களையே நிறுத்தினார். இறுதிக் கட்டத் தகுதிச்சுற்றின் முதல் ஆட்டத்திலேயே சீனா 0-7 எனச் சிதறியது. 2025 மார்ச் 20 அன்று பஹ்ரைனை 2-0 என வென்று, போட்டியை நடத்தும் மூன்று நாடுகளுக்கு அடுத்து 2026 உலகக் கோப்பையில் முதலில் இடம்பிடித்த அணியானது ஜப்பான். அக்டோபரில் டோக்கியோவில் பிரேசிலிடம் 0-2 எனப் பின்தங்கியும், இரண்டாம் பாதியில் மூன்று கோல் அடித்து 3-2 என வென்றது. அதற்கு முன் 13 முறை மோதியும் ஜப்பான் பிரேசிலை வென்றதில்லை.

(தொடரும்)