களஞ்சியத் தானியமும் விஷவாயுவும்
ஐக்கிய சங்க அங்கத்தினர் அறிய வேண்டியவை

அறுவடைக் காலத்தில் தானியத்தின் விலை இறங்குவதும், சில மாதங்கள் சென்றபின் ஏறுவதும் குடியானவர் யாவரும் கண்டறிந்த விஷயம். கடன் நெருக்குகிறபடியால் களத்து மேட்டிலேயே நெல்லை விற்று, பிறகு சாப்பாட்டிற்கும் விதைக்கும் அதே நெல்லைக் கூடுதல் விலைக்கு வாங்குவோர் பலர். இவ்விக்கட்டிலிருந்து மீள்வதற்கு ஐக்கிய சங்கங்கள் காட்டும் வழி யாதெனில், தானியத்தைச் சங்கக் கிடங்கில் வைத்து, அதன் ஈட்டின்பேரில் கடன் பெற்று, நல்ல விலை வரும்வரை காத்திருத்தலேயாம். ஆனால் காத்திருக்குங் காலத்தில் ஈடாக வைத்த தானியத்தை வண்டு தின்றுவிடுமாயின், அங்கத்தினருக்குப் பொருள் நஷ்டம். சங்கத்திற்கு ஈடு நஷ்டம். ஆகையால் கிடங்கைக் காப்பது சங்கத்தின் பணப்பெட்டியைக் காப்பதற்கு ஒப்பாகும்.

சத்துரு இருக்குமிடம்

சேமித்த தானியத்தைக் கெடுக்கும் பூச்சிகளில் முக்கியமானவை சில. அரிசி, சோளம் ஆகியவற்றில் நீண்ட மூக்குடைய வண்டு காணப்படும். உமி பிளவுபடாத நெல்லில் அது எளிதில் நுழையாது. நெல்லைப் பெரிதும் கெடுப்பவை அந்துப்பூச்சியும் துளைவண்டும். உளுந்து, துவரை, பாசிப்பயறு முதலியவற்றைப் பயறு வண்டு அழிக்கும். இது வயலிலேயே காயின்மேல் முட்டையிட்டு, அறுவடையோடு வீடு வந்து சேர்வதுண்டு.

மூக்கு வண்டின் பெண், அரிசியைச் சிறிது துளைத்து உள்ளே ஒரு முட்டையிட்டு, துளையைப் பசைபோன்றதோர் பொருளால் மூடிவிடுகின்றது. ஒரு பெண் வண்டு தன் ஆயுளில் 300 முட்டைகளுக்கு மேலும் இட வல்லது. புழு அரிசிக்குள்ளேயே தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வண்டாகி வெளிவரச் சுமார் ஒரு மாதமாகும். ஒரு பெண் வண்டிலிருந்து மாதந்தோறும் பத்துப் பெண் வண்டுகளே பிழைப்பதாக வைத்துக்கொண்டாலும், நான்காம் மாத முடிவில் அவற்றின் தொகை 10,000 ஆகிவிடும்.

மற்றப் பூச்சிகளில் வெளியே முட்டையிடுபவையும் உண்டு. எனினும் அவற்றின் புழுக்களும் தானியத்தின் உள்ளே புகுந்தே வளர்கின்றன. இதனாலேயே சல்லடையிற் சலிப்பதும் முறத்திற் புடைப்பதும் முழுப்பயன் தருவதில்லை. கண்ணுக்குத் தெரியும் வண்டுகள் நீங்கினாலும், மணிக்குள் இருப்பவை அப்படியே தங்கிவிடுகின்றன. உள்ளே இருப்பதைக் கொல்ல, மணிக்குள் ஊடுருவும் வாயு வேண்டும்.

வாயுவின் தன்மை

முற்காலத்தில் கார்பன் டைசல்பைடு என்னுந் திரவத்தின் ஆவியை இதற்கு உபயோகித்தனர். அது எளிதில் தீப்பற்றக்கூடியது. பின்னர் வந்த மெதில் புரோமைடு, வானமண்டலத்து ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், 1987-ஆம் ஆண்டின் மான்ட்ரீல் உடன்படிக்கைப்படி வளரும் நாடுகளில் 2015-ஆம் ஆண்டோடு, ஏற்றுமதி இறக்குமதிச் சரக்குகளின் பூச்சித் தடுப்பு முதலிய சில காரியங்களுக்கன்றி விலக்கப்பட்டது. இப்பொழுது பெருவழக்கில் இருப்பது அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையாகும். 3 கிராம் எடையுள்ள ஒரு மாத்திரை காற்றின் ஈரத்தை உட்கொண்டு 1 கிராம் பாஸ்பீன் வாயுவை வெளியிடும். சாம்பல் நிறமான தூள் மிஞ்சும்.

இவ்வாயுவைப் பற்றி மூன்று விஷயங்களை அங்கத்தினர் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, இது கொல்வதற்கு அளவைக் காட்டிலும் காலமே முக்கியம். புழுவும் வண்டும் விரைவில் மடியும். ஆனால் முட்டையும் கூட்டுப்புழுவும் மிகக் குறைவாகவே சுவாசிப்பதால் எளிதில் மடிவதில்லை. முட்டை பொரிந்து புழுவாகும் வரையிலும் வாயு நிலைத்து நிற்க வேண்டும். இரண்டு நாளில் மூடாக்கைப் பிரித்துவிட்டால், மாத்திரையை இரட்டிப்பாக வைத்திருந்தாலும் பயனில்லை.

இரண்டாவது, அரைகுறையாக இட்ட வாயு, இடாததைவிடக் கேடு விளைவிக்கும். கசிந்த வாயுவிற் சாகாமல் தப்பிய வண்டுகளே அடுத்த தலைமுறைக்குப் பெற்றோராகின்றன. 1972-73-ஆம் ஆண்டுகளில் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் பல தேசங்களில் நடத்திய பரிசோதனையிலேயே பாஸ்பீனைத் தாங்கும் பூச்சிகள் காணப்பட்டன. அதன்பின் அவ்வகைப் பூச்சிகள் பெருகியுள்ளன. நம்மிடம் வேறு மருந்துகள் அதிகமில்லாதபடியால் இதையும் இழந்துவிடலாகாது.

மூன்றாவது, வாயு வெளியேறியபின் தானியத்திற்குக் காவல் ஏதும் இல்லை. கிடங்கு அசுத்தமாயிருந்தால் வண்டு மறுபடியும் ஏறும்.

சங்கக் கிடங்கிற் செய்யும் முறை

இம்மருந்து 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ்க் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டது. அரசாங்கத்தாரும், அரசாங்க ஸ்தாபனங்களும், அநுமதி பெற்ற பூச்சி ஒழிப்பாளரும், நிபுணர் மேற்பார்வையில் மாத்திரமே இதனைக் கையாளலாம். ஆகவே சங்கம் செய்ய வேண்டியது, உரியவரை அமர்த்தி, வேலை ஒழுங்காக நடைபெறுகிறதா என்று கவனிப்பதாகும். பஞ்சாயத்தார் பில்லை மட்டும் பார்த்துக் கையொப்பமிடாமல் கீழ்க்கண்டவற்றை நேரிற் பார்த்தல் அவசியம்.

1. மூட்டைகள் மரச்சட்டங்களின்மேல், சுவரினின்று இரண்டு மூன்று அடி தள்ளி அட்டியாக அடுக்கப்பட்டிருக்க வேண்டும். தரை வெடிப்பில்லாத சிமெண்டுத் தரையாக இருக்க வேண்டும். மண் தரையில் வாயு இறங்கிப் போய்விடும்.

2. மூடாக்கு, கிழிசலோ ஓட்டையோ இல்லாத, வாயு புகாத கனத்த பிளாஸ்டிக் விரிப்பாக இருக்க வேண்டும். சாதாரணத் தார்ப்பாய் உதவாது. தரையிற் படியும் ஓரத்தின்மேல், மணல் நிரப்பிய நீண்ட துணிப்பைகளை இடைவெளியின்றி இரு வரிசையாக வைக்க வேண்டும்.

3. மூடாக்கிட்ட அட்டிக்கு ஒரு டன்னுக்கு மூன்று மாத்திரை என்பது கணக்கு. 50 கிலோ மூட்டை 200 இருந்தால் 10 டன். ஆகவே 30 மாத்திரைகள். அவற்றைக் குவியலாக வைத்தால் தீப்பற்றும். தண்ணீர் பட்டாலும் அவ்வாறே. தனித்தனியே பரப்பி வைக்க வேண்டும்.

4. ஐந்து நாள் என்பது பழைய விதி. இக்காலத்து வண்டுகளை உத்தேசித்து ஏழு நாளுக்குக் குறையாமல் மூடிவைப்பது உத்தமம். மூடிய தேதியும் திறக்கும் தேதியும் எழுதிய அபாய அறிவிப்பைக் கதவிலே ஒட்டிப் பூட்டுப் போட வேண்டும்.

5. திறக்கும்போது கதவு ஜன்னல்களை முதலில் திறந்து, மூடாக்கின் ஓரங்களைச் சிறிது சிறிதாக நீக்கி, ஒரு நாள் முழுதும் காற்றாட விட்டபின்னரே ஆட்கள் உள்ளே வேலை செய்யலாம். எஞ்சிய தூளைக் கிணறு, குளங்களுக்குத் தூரமாக ஆழக் குழிதோண்டிப் புதைக்க வேண்டும்.

நன்றாய் உலர்ந்த விதைநெல்லுக்கு இம்முறையில் வாயு இட்டால் முளைப்புக் குறையாது.

வீட்டில் ஒருபோதும் கூடாது

கள்ளத்தனமாக ஓரிரு மாத்திரைகளை வாங்கி வீட்டுக் குதிரிலோ தகர டப்பாவிலோ போடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இதைவிடப் பெரிய அபாயம் வேறில்லை. இவ்வாயு கண்ணுக்குத் தெரியாது. பூண்டு அல்லது அழுகிய மீனின் நாற்றம் போன்ற வாடை சில சமயம் தோன்றும், எனினும் வாடையை நம்பியிருக்க முடியாது. சுவர் வெடிப்பின் வழியே அடுத்த அறைக்குச் சென்று, உறங்குவோரை, முக்கியமாகக் குழந்தைகளைக் கொன்ற சம்பவங்கள் நம் தேசத்திலும் பிற தேசங்களிலும் நேர்ந்துள்ளன. ஈரத்துணியை மூக்கிற் கட்டிக்கொள்வது காப்பாகாது. இவ்விஷத்திற்கு மாற்று மருந்தும் கிடையாது. தலைவலி, வாந்தி, மார்படைப்பு, மூச்சுத்திணறல் கண்டால் உடனே திறந்த வெளிக்கு அழைத்துச் சென்று, தாமதமின்றி ஆஸ்பத்திரியிற் சேர்க்க வேண்டும்.

வீட்டுத் தானியத்திற்கு வேறு உபாயங்கள் உண்டு. நன்றாக வெயிலில் உலர்த்தி, ஈரம் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்கு மேற்படாமற் செய்து, சூடு ஆறியபின் இறுக மூடும் பாத்திரத்தில் வைக்க வேண்டும். பழைய சாக்குகளை உதறி வெயிலிற் காயவைக்காமல் புதுத் தானியத்தைக் கொட்டலாகாது. துவரைக்குச் செம்மண் கட்டுவதும், பயற்றைத் தோல் நீக்கிப் பருப்பாக உடைத்து வைப்பதும் நம் பெண்மக்கள் அறிந்த நல்ல வழக்கங்கள். பயறு வண்டு முழுப்பயற்றிற் செய்யும் சேதத்தை உடைத்த பருப்பிற் செய்வதில்லை.

ஒருவரது பத்து மூட்டைக்கு நிபுணரை அழைப்பதும் விரிப்பு வாங்குவதும் கட்டுபடியாகாது. நூறு பேருடைய மூட்டைகள் ஒரே கிடங்கில் ஒரே மூடாக்கின்கீழ் வருமானால், செலவு மூட்டைக்குச் சொற்பமாகிவிடும். அபாயமும் வீட்டைவிட்டு விலகும். 1904-ஆம் ஆண்டில் திரூரில் நம் மாகாணத்தின் முதல் ஐக்கிய சங்கம் தோன்றியது, தனித்தனியே இயலாததைச் சேர்ந்து செய்வதற்காகவே. வரும் அறுவடைக்கு முன்னதாகவே மகாஜன சபையிற் கிடங்கின் தரையையும் கூரையையும் பழுது பார்ப்பதற்கும், நல்ல விரிப்பும் மணற்பைகளும் வாங்குவதற்கும் தீர்மானம் செய்துகொள்ளுமாறு அங்கத்தினரைக் கேட்டுக்கொள்கிறோம்.